ஊருமில்லை, நகருமில்லை!

"எந்த ஊரம்மா?"

"இதே ஊருதாங்கய்யா. வடமதுரை."

"நூறு நாள் வேலை கேட்டா வந்தாய்? உனக்குக் கிடையாதம்மா."

"ஏங்கய்யா? பக்கத்து ஊர்ப் பொம்பளைகளுக்கு உண்டுன்னு சொல்றாங்களே!"

"அவர்கள் ஊர் ஊராட்சி. உன் ஊர் பேரூராட்சி!"

உரையாடல் கற்பனைதான், தோழர்களே! ஆனால் அதிலே பேசப்படும் சட்டம் கற்பனையன்று. வடமதுரை ஊராட்சி ஒன்றியத்தின் அலுவலகம் இருப்பது வடமதுரையில். சுற்றியுள்ள சிற்றூர்களுக்கெல்லாம் வேலைத் திட்டக் கோப்புகள் நடமாடியது அந்தக் கட்டடத்தில். அந்த அலுவலகத்துக்கு அடுத்த தெருவிலே குடியிருக்கும் கூலித் தாய்க்கோ அங்கே வேலை இல்லை! விளக்கின் அடியிலேதான் இருட்டு என்பார்கள். இங்கே அந்த இருட்டைச் சட்டம் போட்டே வைத்திருக்கிறார்கள்.

ஊரக வேலை உறுதிச் சட்டம் நிறைவேறியது 2005-ல். 2006 பிப்ரவரியில் முதற்கட்டமாக இந்தியாவில் 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் அந்த முதல் வரிசையில் இடம் பெற்றவை ஆறே மாவட்டங்கள். அவற்றுள் ஒன்று நமது திண்டுக்கல்! வறட்சி வாட்டும் மாவட்டம், வானம் பார்த்த நிலம் என்று ஏற்றுக்கொண்டுதானே முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள்? அப்படியானால் கேட்கிறேன், வறட்சி பேரூராட்சியின் எல்லைக் கல்லைக் கண்டதும் வணக்கம் சொல்லித் திரும்பி விடுகிறதா? மேகம் வார்டு பார்த்தா மழை பெய்கிறது?

இடையிலே ஒரு வேடிக்கையும் நடந்தது. 2004-ல் தமிழகத்துப் பேரூராட்சிகளைச் 'சிறப்புச் சிற்றூராட்சிகள்' என்றார்கள். 2006-ல் மீண்டும் பேரூராட்சிகள் என்றார்கள். பலகையில் பெயர் மாறியது, பஞ்சையின் பிழைப்பு மாறியதா? 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தின் இடத்தில் வேறொன்றைக் கொண்டுவந்தது. 100 நாள் 125 நாள் ஆயிற்று. 'ஊரகம்' என்ற வேலி மட்டும் விலகவில்லை!

"டவுன்காரனுக்கு வேலை எதற்கு? கடை உண்டு, ஆலை உண்டு" என்பார் உண்டு. கடையைப் பார்ப்போம், ஆலையையும் பார்ப்போம்.

கடை வாழ்வது யாரால்? சுற்றுப்புற உழவர் மடியில் காசு இருந்தால் துணிக்கடையில் துண்டு விற்கும். தேநீர்க் கடையில் அடுப்பு எரியும். பக்கத்து அய்யலூர்ச் சந்தையில் தக்காளி விலை ஏறினால் ஊர் சிரிக்கும். பறித்த கூலிக்கும் கட்டாமல் சரிந்தால், பழம் குப்பைக்குப் போகும். கடைக்காரர் கணக்கேட்டில் கடன் ஏறும்.

ஆலையோ? வேடசந்தூர், வடமதுரை வட்டாரத்தின் நூற்பாலைகள் பலருக்குச் சோறு போடுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது ஆலைச் சங்கு ஓய்ந்ததே! அந்த ஆண்டில் சிற்றூர்க் குடும்பத்துக்கு நூறு நாள் வேலை ஓர் ஊன்றுகோலாக இருந்தது. பேரூராட்சி ஏழைக்கு என்ன இருந்தது? கைம்மாற்றும் கந்துவட்டியும்!

ஒரு பருவம் பொய்த்தாலும், ஒரு விலை சரிந்தாலும், ஓர் ஆலை கதவடைத்தாலும் சாயாமல் நிற்கும் ஊரே உரமுள்ள ஊர். அந்த உரம் அலங்கார வளைவால் வராது. ஒன்று விழும்போது தாங்க இன்னொன்று இருப்பதால் வரும்.

நமது அரசியல் சட்டமே, 1992-ல் செய்த 74-ஆவது திருத்தத்தின்படி, சிற்றூர் நிலையிலிருந்து நகர நிலைக்கு மாறிக்கொண்டிருக்கும் பகுதிக்கு உரியது நகர்ப் பஞ்சாயத்து என்கிறது. மாறிக்கொண்டிருக்கும் பகுதி! அதாவது, ஆற்றைக் கடந்துகொண்டிருப்பவன். இக்கரையில் இருப்பவனுக்கு ஒரு தோணி, அக்கரையில் இருப்பவனுக்கு ஒரு மாடி, நடு ஆற்றில் நிற்பவனுக்கு நாலு நல்வார்த்தையா?

இதனால் விளைந்த கேடு என்ன தெரியுமா? வளர்ச்சி என்றாலே மக்கள் அஞ்சுகிறார்கள்! 2025-ன் தொடக்கத்தில், நகராட்சி, மாநகராட்சிகளோடு ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்பு வந்ததும், தமிழகத்தின் பல ஊர்களில் மக்கள் திரண்டு எதிர்த்தனர். அவர்கள் சொன்ன காரணங்களில் முன்னே நின்றது, "நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும்" என்பதே. ஊர் உயர்ந்தால் வாழ்வு தாழும் என்றால், எவன் உயர்வை விரும்புவான்?

வழி இல்லையா? உண்டு. அண்டையிலே கேரளம் 2010-ல் நகர்ப்புறத்துக்கு ஒரு வேலை உறுதித் திட்டம் கண்டது. ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையிலே வில்வண்டி ஓட்டி உரிமை நாட்டிய அய்யன்காளியின் பெயரையே அதற்குச் சூட்டினர். பொருத்தமான பெயர்! தமிழக அரசும் 2022-ல் 100 கோடி ரூபாய் ஒதுக்கி நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. நல்ல விதை. ஆனால் அதில் சேர்ந்த பேரூராட்சிகள் 37. அந்நாளில் தமிழகத்தில் இருந்தவையோ 490! பந்தியில் 37 இலை போட்டுவிட்டு 453 பேரைப் பார்த்துப் புன்னகை செய்தால் பசி தீருமா?

எனவே கேட்கிறோம்: திட்டமாக அல்ல, சட்டமாக, எல்லாப் பேரூராட்சிக்கும் வேலை உறுதி வேண்டும். "செய்ய வேலை ஏது?" என்கிறீர்களா? வடகிழக்குப் பருவமழை வருமுன் குளமும் வரத்துக் கால்வாயும் தூர் வாரட்டும். 2003-ல் கட்டடந்தோறும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டிகளில் மணல் மாற்றட்டும். சந்தைக்கு நிழற்கூரை போடட்டும். வேலையும் கிடைக்கும், கிணற்றிலே நீரும் ஊறும். வாங்கிய கூலி வெளியூர் போகாது. உள்ளூர்க் கடையிலே உருளும்.

எந்தக் குளம் முதலில் என்று யார் சொல்வது? மக்கள்! பேரூராட்சிக்குக் கிராம சபை இல்லை. ஆனால் வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022-ல் விதிகள் வகுக்கப்பட்டன. விதி ஏட்டிலே உறங்க வேண்டாம்; வேப்பமரத்தடியிலே விழிக்கட்டும். கூலித் தாய் எழுந்து நின்று கணக்குக் கேட்கட்டும்!

நாளை அவள் மீண்டும் அந்த அலுவலகப் படி ஏறுவாள். "எந்த ஊரம்மா?" என்பார்கள். "வடமதுரை" என்று அவள் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்டதும், வெளியே போ என்று கை நீளாமல், வேலை அட்டை நீள வேண்டும். அந்நாளே வடமதுரை வளர்ந்த நாள்!