மைகார்டு கையைவிட்டுப் போகலாமா?

2025 செப்டம்பர் இறுதிவரை மலேசியாவில் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 2.05 ரிங்கிட். வருவது பழைய கஞ்சில் காரா பளபளக்கும் பென்ஸா என்று பம்பு பார்த்ததில்லை. செப்டம்பர் 30 முதல் அது ஆளைப் பார்க்கிறது. புடி95 மானியத் திட்டம் தொடங்கியபோது, மைகார்டு என்ற அடையாள அட்டையும் காலாவதியாகாத ஓட்டுநர் லைசன்ஸும் உள்ள குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர்வரை. அப்போது மானியமில்லாத விலை 2.60. அந்தக் கணக்கில் முழு அளவையும் ஊற்றியவருக்கு மாதம் 183 ரிங்கிட் மிச்சம். சிறு வருமானக் குடும்பத்துக்கு அது பெரிய பணம். விலையும் அளவும் மாறக்கூடியவை என்பதால் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மானியத்தை ஒரேயடியாக வெட்டிய நாடும் உண்டு. நைஜீரியாவில் 2023 மே 29 அன்று புதிய அதிபர் பெட்ரோல் மானியம் முடிந்தது என்று பதவியேற்பு உரையிலேயே அறிவித்தார். சில நாள்களிலேயே பெட்ரோல் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. அதனோடு பார்த்தால் மலேசியாவின் வழி நிதானமானது. ஆனாலும் லைசன்ஸ் இல்லாமல் பேருந்தில் போகும் மூதாட்டிக்கு இதில் ஒரு சென்னும் கிடையாது. இது என் மனத்தை உறுத்துகிறது.

மானியம் கார்டோடு ஒட்டிக்கொண்டதால் ஆபத்தும் அதோடு வருகிறது. கடனுக்கு ஈடாக மைகார்டை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர்களை நம் மக்களுக்குத் தெரியும். தகுந்த காரணமின்றி இன்னொருவரின் அடையாள அட்டையை வைத்திருப்பதே குற்றம். கடனுக்கு ஈடாகக் கேட்டால் கொடுக்க மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மானிய எண்ணெயை வாங்கி மறுவிற்பனை செய்தால் 1961ஆம் ஆண்டின் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாயும்: தனிநபருக்கு 10 லட்சம் ரிங்கிட்வரை அபராதம், 3 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு இந்த மானியம் இல்லை. முதலாளி தன் கார்டைக் கொடுத்து எண்ணெய் ஊற்றி வரச் சொன்னாலும் வாங்காதீர்கள். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

புடி95க்குத் தனிப் பதிவு தேவையில்லை. ஆகவே ‘உடனே பதியுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பு எதுவும் மோசடிதான். வங்கி விவரத்தைக் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள். வங்கியையும் 997 என்ற மோசடித் தடுப்பு எண்ணையும் அந்த நிமிடமே அழையுங்கள். மைகார்டின் சில்லு தேய்ந்து கருவி படிக்காவிட்டால் தேசியப் பதிவுத் துறைக்குப் போங்கள். லைசன்ஸ் காலாவதியாகியிருந்தால் முதல் வேலையாகப் புதுப்பியுங்கள். அதுவரை சலுகை விலை கிடைக்காது.