பிறந்தநாள் மிட்டாய் எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துக்குமா?



போன வருஷம் சத்துணவுப் பயிற்சியில் உங்களில் பலரிடம் நான் ஒரு விஷயம் சொன்னேன். "பிள்ளைக்குப் பிறந்தநாள்னா கலர் பேப்பர் சுத்தின சாக்லேட் வாங்கி அனுப்பாதீங்க. நம்ம குழுவுல செய்யிற கடலை மிட்டாயைக் கொடுங்க. சத்துக்கு சத்து, காசும் நம்மகிட்டயே இருக்கும்." அதைக் கேட்டு நடந்த ஒரு சகோதரிக்கு என்னால் ஒரு சங்கடம் வந்துவிட்டது. மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவருடைய மகள் மூன்றாம் வகுப்பு. பிறந்தநாள் அன்று கலர் டிரஸ் போட்டுக்கொண்டு போய் வகுப்பில் உள்ள 34 பிள்ளைகளுக்கும் கடலை மிட்டாய் கொடுத்திருக்கிறாள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு பையனுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்து, வாந்தி எடுத்து, மூச்சு விடவே சிரமமாகிவிட்டது. டீச்சர் உடனே 108-க்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, அன்று ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பையன் இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. "என் பிள்ளைக்கு என்னத்தைக் கலந்து கொடுத்தா?" என்று கேட்டுவிட்டார்கள். இரண்டு அம்மாவும் ஒரே குழு. அடுத்த இரண்டு வாரக் கூட்டத்துக்கு மிட்டாய் கொடுத்தவர் வரவே இல்லை.

மிட்டாயில் ஒரு கலப்படமும் இல்லை. அந்தப் பையனுக்கு நிலக்கடலை அலர்ஜி. அவ்வளவுதான் விஷயம். அது யாருக்கும் தெரியாது, அவன் அம்மாவுக்கே தெரியாது.

அலர்ஜி என்றால் என்ன? கிருமி உள்ளே வந்தால் எதிர்த்து நிற்க நம் உடம்பில் ஒரு காவல் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அந்தக் காவல், சாதாரண உணவில் இருக்கும் புரதத்தையே எதிரி என்று நினைத்துக்கொள்கிறது. அப்போது உடம்பு வெளிவிடும் சில ரசாயனங்களால் தோல் தடிக்கிறது, உதடும் தொண்டையும் வீங்குகிறது. முற்றிப்போனால் மூச்சுக் குழல் சுருங்கும், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். இதற்கு நிறையச் சாப்பிட வேண்டும் என்றில்லை. சில பிள்ளைகளுக்கு ஒரு துணுக்கே போதும்.

நாம் எல்லாவற்றையும் "ஒத்துக்கல" என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பால் குடித்தால் வயிறு உப்பி, போக்கு ஆகிறது என்றால் அது பெரும்பாலும் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காததால். தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை. அலர்ஜி வேறு. சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வீக்கம், வாந்தி, இருமல் என்று வரும். ஒவ்வொரு முறையும் அதே பொருளுக்கு வரும்.

அந்தப் பையனின் அம்மா பிறகு யோசித்துச் சொன்னார்: "ரெண்டு தடவை மல்லாட்டை தின்னப்போ காணாக்கடி வந்துது மேடம். ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு வெத்தலையும் மிளகும் கொடுத்தோம்." காணாக்கடி எல்லாமே உணவால் வருவதில்லை. ஆனால் ஒரே பொருளைச் சாப்பிட்டபின் இரண்டாவது தடவை வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். "கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா பழகிடும்" என்று மாமியார் சொல்வார்கள். அலர்ஜி உள்ள பிள்ளைக்கு வீட்டில் அப்படிச் செய்துபார்க்கவே கூடாது. டாக்டர் கண்காணிப்பில் செய்யும் வைத்தியம் அது.

அதே சமயம், இதைப் படித்துவிட்டு எல்லாப் பிள்ளைக்கும் கடலையை நிறுத்திவிடாதீர்கள். அலர்ஜி இல்லாத பிள்ளைக்கு அது நல்ல புரதம். 2015-ல் லண்டனில் நடந்த ஒரு ஆய்வு வெளிவந்தது. அலர்ஜி வர வாய்ப்பு அதிகம் உள்ள குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள்ளேயே கடலை உணவு கொடுக்க ஆரம்பித்து, தொடர்ந்து கொடுத்ததில், அலர்ஜி வந்தவர்கள் மிகவும் குறைந்திருக்கிறார்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. நம் குழுக்களுக்கும் அதில்தான் வருமானம். நான் கடலையைக் குறை சொல்ல வரவில்லை. யாருக்கு என்று தெரியாமல் 34 பிள்ளைக்கு ஒரே தட்டில் நீட்டுவதைத்தான் சொல்கிறேன்.

சரி, பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம்? முதல் வேலை, இரண்டு நாள் முன்னாடியே டீச்சரிடம் கேட்பது. "உங்க வகுப்புல எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது சாப்பிட்டா தடிப்பு, மூச்சுத் திணறல் வருமா?" இந்த ஒரு கேள்வி போதும். "அலர்ஜி இருக்கா" என்று கேட்டால் பலருக்குப் புரிவதில்லை, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். இருக்கிறது என்றால் அந்த அம்மாவிடம் நேரில் பேசுங்கள். எதைக் கொடுக்கலாம் என்று அவருக்குத்தான் தெரியும்.

அதிகமாக அலர்ஜி தரும் பொருட்கள்: பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, எள், மீன், இறால். கேக் என்றால் கோதுமை, பால், முட்டை மூன்றும் ஒரே துண்டில். "முட்டை இல்லாத கேக்" வாங்கினாலும் மீதி இரண்டும் இருக்கும். சாக்லேட்டில் பெரும்பாலும் பால் உண்டு. பாக்கெட்டில் உள்ள பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது சைவம் என்றுதான் சொல்கிறது. பாலும் முந்திரியும் சைவம்தானே! மத்திய அரசின் 2020-ம் வருஷத்து லேபிள் விதிப்படி, அலர்ஜி தரும் முக்கியமான பொருட்கள் இருந்தால் பாக்கெட்டில் தனியாகப் போட வேண்டும். சேர்மானப் பட்டியலுக்குப் பக்கத்தில் "கன்டெய்ன்ஸ்" என்று இங்கிலீஷில் இருக்கும். எழுத்து பொடியாக இருக்கும், படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எள்ளைத் தேடுவதாக இருந்தால் சேர்மானம் முழுவதையும் படிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களும் குழப்பும். நிலக்கடலை, வேர்க்கடலை, மல்லாட்டை மூன்றும் ஒன்று. பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை வேறு இனம். கடையில் போய் "கடலை போட்டிருக்கா?" என்று கேட்டால் அவர் ஒன்றை நினைத்துச் சொல்வார், நாம் ஒன்றை நினைத்து வாங்குவோம். தட்டையில் நிலக்கடலை இருக்கும், முறுக்கில் எள்ளும் வெண்ணெயும் இருக்கும். மசாலா கடலை பொரித்த எண்ணெய்ச் சட்டியிலேயே முறுக்கும் பிழிந்தால் அதிலும் ஒட்டிவரும். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். அதனால் அந்தப் பலகாரமும் நிலக்கடலை அலர்ஜி உள்ள பிள்ளைக்கு வேண்டாம்.

நான் இப்போது சொல்வது பொரி உருண்டை. அரிசிப் பொரியும் வெல்லமும்தான். எட்டு டம்ளர் பொரிக்கு ஒன்றரை டம்ளர் வெல்லம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வர வேண்டும். சுக்கு, ஏலக்காய் போட்டுப் பொரியைக் கொட்டிக் கிளறி, சூட்டோடு எலுமிச்சை அளவு பிடிக்க வேண்டியதுதான். கையில் நெய் தடவாதீர்கள், அதுவும் பால்தான். அரிசி மாவைத் தொட்டுக்கொள்ளுங்கள். பொரிக் கடையில் ஒரே படியால்தான் கடலையும் அளப்பார்கள், அதனால் பிரிக்காத மூட்டையிலிருந்து கேட்டு வாங்குங்கள். வீட்டில் கடலை வறுத்த வாணலியையும் கரண்டியையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் எடுக்காதீர்கள். துடைத்தால் போதாது.

நேரம் இல்லையா, ஆளுக்கு ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ கொடுங்கள். இல்லாவிட்டால் பென்சிலும் ரப்பரும். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு பள்ளியில் வாசனை ரப்பர் கொடுத்தபோது சாக்லேட்டை விட அதற்குத்தான் அடிதடி!

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு, "உனக்கு ஒத்துக்காது, நீ தள்ளி உக்காரு" என்று ஒரு பிள்ளையை ஒதுக்காதீர்கள். எல்லாருக்கும் ஒரே பொருளாகவே இருக்கட்டும். அலர்ஜி உள்ள பிள்ளையின் அம்மா, தன் பிள்ளைக்கு ஆகும் மிட்டாய் கொஞ்சம் டப்பாவில் போட்டு டீச்சரிடம் கொடுத்து வைக்கலாம். முட்டை ஆகாத பிள்ளை என்றால் சத்துணவு அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கும் வழக்கம் சத்துணவில் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகும் தவறி நடந்துவிட்டால்? மூச்சுத் திணறல், குரல் கம்முதல், மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி இருந்தால் கைவைத்தியம் பார்க்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். "சாப்பாட்டு அலர்ஜி, மூச்சு வாங்குது" என்று சொல்லுங்கள். பிள்ளையை நடக்க விடாமல் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்கார்த்திப் பிடியுங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முக்கிய மருந்து. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை மூச்சைக் காப்பாற்றாது. சரியான பிறகும் சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம், அதனால் டாக்டர் விடும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருங்கள்.

அந்த இரண்டு அம்மாக்களையும் உட்கார வைத்துப் பேசினோம். தவறான யோசனை சொன்னது நான்தான் என்று கூட்டத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "போனது போவட்டும் மேடம்" என்றார் பையனின் அம்மா. போன மாதம் அந்தப் பையனுக்குப் பிறந்தநாள். முதல் நாள் சாயங்காலம் இருவரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து பொரி உருண்டை பிடித்திருக்கிறார்கள். எனக்கும் நாலு வந்தது. பாகு கொஞ்சம் முற்றிப்போய்க் கடிக்க முடியவில்லை.