வலிப்பின் பின் மனம்

தில்லைக் கூத்தனின் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறளுருவை முயலகன் என்கிறோம். சிற்பநூல் வழக்கில் அவன் அபஸ்மாரன். இவ்விரு பெயர்களும் ஒரு நோய்க்கும் உரியன. வலிப்பு நோயைத் தமிழர் முயலகன் என்றனர். வடமொழி மருத்துவர் அபஸ்மாரம் என்றனர். கொல்லி மழவன் முயலக நோயுற்ற தன் மகளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலிலே கிடத்தினான் என்பதும், ஆங்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தப் பிள்ளையார் பதிகம் பாட அந்நோய் தீர்ந்தது என்பதும் பெரியபுராணம் கற்றார் அறிந்தவை. அவ்வரலாற்றினும் என் சிந்தையை நெடிது கவர்ந்தது அவ்வடமொழிப் பெயரின் பொருளேயாம். நினைவு அகலுதல் என்பதே அதன் பொருள். கைகால் இழுப்பதைக் கண்ட நம் ஊரவர் காக்கைவலிப்பு என்றனர். சரகசங்கிதை உடைய மருத்துவரோ நினைவும் அறிவும் பிறழ்வதைக் கண்டு பெயரிட்டனர். இழுப்பு ஓய்ந்த பின்னர் மனம் படும் பாட்டினை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இதனை யான் நூலிற் கற்குமுன் ஒரு மாணாக்கனிடத்துக் கற்றேன். கற்ற விதம் பெருமைக்குரியதன்று. யான் வாழும் எலுவன்குளம், வில்பத்துக் காட்டின் தென்னெல்லையிலே, கலா ஓயாவுக்கு அணித்தாய் உள்ள சிற்றூர். இப்பக்கத்துப் பாடசாலையொன்றில், சில ஆண்டுகளின் முன், என் வகுப்பிலிருந்த சிறுவனொருவன் வலிப்புற்று வீழ்ந்தான். யாரோ ஓடிவந்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இரண்டொரு நிமிடத்தில் இழுப்பு நின்றது. (சாவியில்லாவிடினும் நின்றிருக்கும், பெரும்பாலான வலிப்புக்கள் தாமே அவ்வளவில் அடங்குவன. அதனாலன்றோ இரும்புக்கு இத்துணைப் புகழ் வாய்த்தது!) கால்மணி நேரம் கழிந்ததும் எல்லாம் முடிந்தது என எண்ணி, அவனை இருக்கையில் இருத்திப் புத்தகத்தைத் திறக்கப் பணித்தேன். அவன் வெறித்து நோக்கினான். அருகிருந்தவன் உதவ எண்ணித் தோளைத் தொட்டபோது, அவனை மூர்க்கமாகத் தள்ளிவிட்டான். தள்ளுண்டவன் நெற்றியிற் காயம். யான் சினந்து, வலிப்புற்ற பிள்ளையைச் சுவரோரம் நிற்கவைத்து வைதேன். அவன் ஒன்றும் கேளாதவன்போல நின்றான்.

செய்தி அறிந்து வந்த தாய், மகனின் கண்களைப் பார்த்துவிட்டு என்னிடம் கூறியது இன்றும் என் செவியில் உள்ளது: “சேர், உடம்புதான் எழும்பி நிக்குது. பிள்ளை இன்னும் வந்து சேரல்ல.”

மறுநாள் அவனுக்கு எதுவும் நினைவில்லை. தான் தோழனைத் தாக்கியதையும் தண்டனை பெற்றதையும் பிறர் சொல்லியே அறிந்தான். மூன்று நாட்கள் எவரோடும் பேசாது, உண்ணவும் மனமின்றி அழுதிருந்தான் என்று தாய் கூறினார். அவன் அறிந்து செய்யாத ஒன்றுக்கு யான் தண்டம் விதித்தேன்.

அத்தாய் கூறியது மருத்துவ நூலுக்கும் ஒத்ததே. வலிப்பாவது மூளையின் நரம்பணுக்கள் அளவிறந்து ஒருங்கே மின்துடிப்பு எழுப்புவதால் நிகழ்வது. அத்துடிப்பை அடக்க மூளை தன் தடைகளையெல்லாம் ஏவுகின்றது. துடிப்பு அடங்கிய பின்னும் அத்தடைகள் உடனே தளர்வதில்லை. வேலைசெய்து களைத்த அணுக்களும் உடனே தந்நிலை மீள்வதில்லை. ஆதலின் குழப்பம், தூக்கம், தலைவலி, சொல் வாராமை முதலியன சில நிமிடந் தொட்டுச் சில மணி நேரம்வரை நிற்கும். ஒரு கை அல்லது ஒரு பக்கம் சோர்ந்து கிடத்தலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதனை விரித்துரைத்த றொபேட் பென்ற்லி ரொட் என்னும் மருத்துவரின் பெயராலேயே அது இன்றும் வழங்கப்படுகின்றது. பெரும்பாலும் இரண்டொரு நாளில் நீங்கிவிடும். எல்லா வலிப்பும் இவ்வாறல்ல. சிறுபிள்ளைகள் சில கணம் வெறித்துநின்று மீளும் சிறு வலிப்பின் பின் இத்தகைய மயக்கம் ஏறக்குறைய இல்லை எனலாம்.

குழப்பம் தெளிந்த பின்னும் உள்ளத்தின் சோர்வு நீடிக்கலாம். இதனை நோயாளியும் அறியார்; வீட்டாரும் அறியார். ருஷ்ய நாவலாசிரியர் தொஸ்தொயெவ்ஸ்கி இந்நோயுடையவர். வலிப்பின் பின்னர்த் தாம் ஏதோ பெருங்குற்றம் இழைத்தவர்போலும் பாரம் தம்மை அழுத்துவதாக அவர் நண்பர் ஸ்திராகோவிடம் கூறியிருக்கின்றார். இது கலைஞரின் மிகையுணர்ச்சி என்று தள்ளுதற்கில்லை. கானர் என்பாரும் அவர்தம் குழுவினரும் மருந்துக்கு எளிதில் அடங்காத வலிப்புடைய 100 பேரை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரையில், 43 பேர் வலிப்பை அடுத்து மனச்சோர்வும், 45 பேர் பதகளிப்பும் உற்றமை கூறப்பட்டுள்ளது. என் மாணாக்கன் மூன்று நாள் அழுததற்கு என் வசைமொழி ஒரு காரணம். நோயும் ஒரு காரணமாகலாம். எதன் பங்கு எத்துணை என்று யான் இன்றுவரை துணியவில்லை.

இனி, அரிதாயினும் அறிந்திருக்கவேண்டியது ஒன்று. வலிப்புக்கள் பல அடுத்தடுத்து வந்தபின், நோயாளி நன்கு தெளிந்து, ஒருநாளோ சிலநாளோ இயல்பாயிருந்து, பின்னர்த் திடீரெனப் பொய்க்குரல் கேட்டும், பிறர் தமக்குத் தீங்கு செய்ய முனைவதாக எண்ணியும், உறக்கமின்றிக் கலங்குவதுண்டு. உளமாயநோய் என இதனைக் கூறுவர். இடையிலே நலமான நாட்கள் இருத்தலால், முன்வந்த வலிப்போடு இதனைத் தொடர்புபடுத்த எவருக்கும் தோன்றுவதில்லை. பேய்பிடித்தது எனப் பூசாரியைத் தேடுவாரே பலர். வழிபாட்டை யான் விலக்கேன். ஆயினும் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். மருந்தால் தீரக்கூடிய நிலை அது. காலந் தாழ்த்தின் தமக்கோ பிறர்க்கோ ஊறு நேரலாம். சோர்வுற்றவர் வாழ்வை வெறுத்துப் பேசினும் அவ்வாறே விரைதல் வேண்டும்.

வீட்டாரும் ஆசிரியரும் செய்யத்தக்கன அரியவையல்ல. இழுப்பின்போது வாயில் எதையும் திணித்தலாகாது. அடங்கியதும் ஒருக்களித்துக் கிடத்துக. ஐந்து நிமிடத்தின் மேல் இழுப்பு நீடிப்பினும், தெளியுமுன் மீண்டும் வரினும் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்க. தெளியும் வேளையிற் கையைப் பற்றி இழுத்தலும் சூழ்ந்து நின்று வினாவுதலும் தீது. பிடிக்கப் பிடிக்கவே அவர் திமிறுவர்; என் மாணாக்கன் தள்ளியதும் அதனாலேயே. ஆறும் யானைக்காடும் அண்மையிலுள்ள எம்மூரில் அவர்தம் போக்கில் விட்டுவிடுதலும் ஆகாது. சற்றே விலகி உடன் நடந்து, மென்மையாகப் பேசித் திருப்புதலே வழி. முற்றத் தெளியுமுன் நீரும் உணவும் கொடாதொழிக. தெளிந்தபின், நிகழ்ந்தது இன்னதென ஒருவர் அமைதியாகக் கூறிவிடுதல் நன்று. பிறர் வாயிற் கேட்டு நாணும் துன்பம் அதனால் தவிரும். அன்று தேர்வும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், குடும்பச் சண்டைக்குத் தீர்ப்பும் வேண்டாம், தூங்கட்டும்.

நோயாளி தமக்கே ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் பெரும்பயன் தரும். வலிப்பு வந்த நாளும், அதன்பின் மனம் இருந்த நிலையும், அது நீங்கிய நாளும் எழுதிவரின், ‘இச்சோர்வு முன்னும் வந்தது, இரண்டு நாளிற் போயிற்று’ என்று தாமே கண்டு ஆறுதல் கொள்வர். மருத்துவர்க்கும் அக்குறிப்பு உதவும். சிலர்க்கு வலிப்பு மருந்துகளே சினத்தையும் சோர்வையும் விளைத்தலுண்டு. லெவெற்றிரசெற்றம், பினோபாபிற்றோன் ஆகியவை அத்தகையன. ஆயினும் தாமே மருந்தை நிறுத்துதல் கூடாது. நிறுத்தின் வலிப்பு அடுத்தடுத்துத் தோன்றும். புத்தளம் சென்றுவரும் அலைச்சலை எண்ணி ஒரு மாத மருந்தை இருமாதத்துக்கு நீட்டுவாரை யான் அறிவேன். சிவராத்திரிக்குக் கண்விழித்தலும் பலர்க்கு வலிப்பை அழைப்பது. இந்நோயுடையார் முதல் யாமப் பூசையோடு சென்று உறங்கினால் இறைவன் முனிவான் என்று யான் கருதவில்லை.

இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டத்துக்கு 1976இல் வந்த திருத்தம், பித்து அடிக்கடி தோன்றுவோரோடு வலிப்பு அடிக்கடி தோன்றுவோரையும் ஒருங்கு வைத்து, திருமணத்துக்குத் தடையாக்கிற்று. வலிப்பு என்னும் அச்சொல் 1999இலேயே நீக்கப்பட்டது. சட்டத்துக்கு 23 ஆண்டு வேண்டியிருந்தது. நம் ஊர்களிலோ, பெண்பிள்ளையின் நோயை மறைத்து, மறைத்தற்பொருட்டே மருந்தையும் நிறுத்தும் வீடுகள் இன்னும் உள.

அச்சிறுவன் இன்று இளைஞன். மருந்து ஒழுங்காக உண்கின்றான். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வலிப்பு வருவதுண்டு. அவன் சட்டைப்பையில் மடித்த தாளொன்று இருக்கின்றது. தாய் சொல்ல யான் எழுதிக்கொடுத்தது அது: “எனக்கு வலிப்பு வந்திருக்கிறது. தெளிய ஒரு மணி நேரம் ஆகும். என்னைப் பிடிக்காமல், பக்கத்தில் இருங்கள்.”