எழுபத்து மூன்று நூல்களின் பயணம்

கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள நூல்கள் 73. இந்தப் பட்டியல் ஒரே நாளில் உருவானதல்ல.

367ஆம் ஆண்டு. உயிர்ப்புப் பெருவிழா நாளை அறிவித்து அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் ஒரு மடல் எழுதினார். இன்றுள்ள 27 புதிய ஏற்பாட்டு நூல்களும் கூடாமல் குறையாமல் அதில் இடம்பெற்றன.

பின்னர் வட ஆப்பிரிக்காவில், 393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடிய ஆயர்கள், தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய நூல்களையும் பழைய ஏற்பாட்டில் ஏற்றனர். ஆனால் 1534இல் வெளிவந்த, சமயச் சீர்திருத்தவாதி லூத்தரின் ஜெர்மன் விவிலியம் அவற்றைத் தனியே பிரித்துவைத்தது.

1546 ஏப்ரல் 8 அன்று திரெந்து பொதுச்சங்கம் அந்நூல்கள் உட்பட ஒவ்வொரு நூலையும் பெயர் சொல்லி உறுதிசெய்தது. திருப்பலியில் நாம் கேட்கும் ஒவ்வொரு வாசகத்தின் பின்னும் இத்தனை நூற்றாண்டுகளின் தேடல் இருக்கிறது.