கோடையிலும் உமரி வாடாதது ஏன்?

கோடையில் பழவேற்காடு ஏரி வற்ற வற்ற, கரைச் சேற்றில் உப்பு பூக்கும். மற்ற செடிகள் கருகும் அங்கே உமரி மட்டும் தளதளவென்று நிற்கிறது. எப்படி?

மண்ணில் உப்பு மிகுந்தால் சவ்வூடு பரவல் வேருக்கு எதிராகிவிடும். நீர் உள்ளே ஏறாது. உமரியோ அந்த உப்பையே உறிஞ்சி, இலைச் செல்களின் நுண்குமிழிக்குள் பூட்டிவைக்கிறது. உள்ளே உப்பு கூடியதும் நீர் தானாக ஏறும். செல்லின் மற்றப் பகுதியைக் காப்பது கிளைசின் பீட்டைன் என்ற சேர்மம். உருண்ட குட்டி இலையை நசுக்கினால் சாறு கசியும், நாக்கில் கரிக்கும். வெயில் ஏறினால் பீட்டாலைன் நிறமியால் செடியே சிவக்கும்.

இதை வேகவைத்து, நீரை இறுத்துவிட்டுத்தான் சமைப்பார்கள். தனியாக உப்பு வேண்டாம். ஆனால் உப்பை இழுக்கும் வேர் ஈயம், காட்மியத்தையும் இழுக்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகளை ஒட்டிய வாய்க்காலோரம் முளைத்ததைத் தயவுசெய்து பறிக்காதீர்கள். எவ்வளவு கொதித்தாலும் உலோகம் அழியாது.