இறக்கத்தில் நம்மைக் காக்கும் இரும்புத் தட்டு

ஏறுவதற்கு எஞ்சின் வேண்டும்; இறங்குவதற்கு பிரேக் வேண்டும். அரநாயக்க போன்ற மலைப்பிரதேசத்தில் வாழும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும், காரைக் கழுவித் துடைப்பதில் காட்டும் கவனத்தை, சில்லுக்குப் பின்னால் மறைந்திருக்கும் பிரேக் டிஸ்க்கில் எத்தனை பேர் காட்டுகிறோம்?

நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய கார் பலருக்கும் எட்டாத விலை. ஆகவே பழைய கார்களே இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. செலவைக் குறைக்க, டிஸ்க்கைத் தானே மாற்ற முனையும் கணவரோ மகனோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பழகினால் நீங்களும் செய்யலாம். ஆனால் எந்த இடத்தில் தவறினால் உயிருக்கு ஆபத்து என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருப்பது அவசியம்.

டிஸ்க் ஏன் தேய்கிறது?

பிரேக்கை மிதித்ததும் இரண்டு பேட்கள் சுழலும் டிஸ்க்கை இருபுறமும் நெருக்குகின்றன. வண்டியின் வேகம் அங்கே சூடாக மாறுகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் 100 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது! கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் இந்தச் சூடெல்லாம் டிஸ்க்கிலும் பேட்டிலும்தான் சேரும். குறைந்த கியரில் இறங்குவது இதனால்தான்.

மிதிக்கும்போது பெடலோ ஸ்டியரிங்கோ அதிர்ந்தாலும், உலோகம் உரசும் சத்தம் கேட்டாலும், டிஸ்க்கில் ஆழமான கோடுகளோ வெடிப்போ தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. டிஸ்க் எவ்வளவு வரை தேயலாம் என்ற அளவு பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைவிட மெலிந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றும் முறை

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். சில்லு நட்களைச் சற்றுத் தளர்த்திய பின் ஜேக் அடியுங்கள். ஜேக் தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு இரும்புத் தாங்கி வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் கை, தலை நீட்டக் கூடாது. பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

சில்லைக் கழற்றி, பேட்களைப் பிடித்திருக்கும் கெலிப்பரை எடுங்கள். அதை ரப்பர் குழாயில் தொங்கவிட்டால் குழாய் பழுதாகும். கம்பியால் மேலே கட்டுங்கள். துருப்பிடித்த டிஸ்க் வர மறுக்கலாம். பல ஜப்பான் கார்களின் டிஸ்க்கில் இரண்டு மரையோட்டைகள் உண்டு. அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானே வெளியே வரும். சில பழைய கார்களில் டிஸ்க், சில்லு பொருந்தும் பாகத்துக்குப் பின்னால் இருக்கும். அது கராஜில் செய்ய வேண்டிய வேலை.

டிஸ்க் அமரும் இடத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். துரு மிஞ்சினால் புதிய டிஸ்க்கும் அதிரும். புதிய டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். பேட்களையும் புதிதாகப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆகவே வலது, இடது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பேட் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

வண்டியை எடுக்கும் முன்

புதிய பேட்களுக்கு இடம் விட, கெலிப்பரின் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். அதனால் முதல் மிதியில் பெடல் வெறுமையாகத் தரைவரை போகும். எஞ்சினை இயக்கும் முன், பெடல் உறுதியாகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். பிரேக் ஒயிலின் அளவையும் பாருங்கள். சில்லு நட்களைக் குறுக்கு வரிசையில் இறுக்கி, 100 கிலோமீற்றருக்குள் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

முதல் ஓட்டம் சமதரைப் பாதையில் இருக்கட்டும். மிதமான வேகத்திலிருந்து மெதுவாகப் பலமுறை வேகத்தைக் குறைத்து, புதிய பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்த விடுங்கள். முதன்முறை செய்பவர், அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் வேலையைக் காட்டி உறுதி பெற்ற பின்னரே குடும்பத்தை ஏற்ற வேண்டும்.

அடுத்த பயணத்தில் பிள்ளைகளை ஏற்றும் முன், “பெடலை மிதித்துப் பார்த்தீர்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படிக் கேட்பது நம்பிக்கையின்மை அல்ல, பொறுப்பு.