பல்லின் நிறம் வெள்ளையா?

பல்லின் நிறம் யாது என்று வினவினால், வெள்ளை என்றே எவரும் விடை கூறுவர். முல்லை அரும்பை உவமை காட்டுவோரும் உண்டு. ஆனால், எழுதும் வெள்ளைத்தாள் ஒன்றைப் பற்களின் அருகே பிடித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணாடியில் பாருங்கள். தாளுக்கு முன்னால் பல் மஞ்சளாகத் தோன்றும். இன்னும் உற்று நோக்கினால், ஈறை ஒட்டிய பகுதியில் மஞ்சள் கூடுதலாகவும், கடிக்கும் விளிம்பு சற்றே நீலம் கலந்த சாம்பலாகவும் இருக்கக் காணலாம்.

சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்த ஒரு கல்லூரி மாணவனுக்கு இது வேடிக்கைச் செய்தி அன்று. பல் மருத்துவர் பீங்கானில் உறை செய்து அப்பல்லின்மேல் பொருத்துகிறார். உறையின் நிறம் ஒத்துவராவிட்டால் அவன் ஆண்டுக்கணக்கில் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பான். பல் சிமென்டால் நிலையாக ஒட்டிய உறையைப் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்கவேண்டும். கடைவாய்ப் பல்லானால் யார் பார்க்கப் போகிறார்கள்? மேல்வரிசையின் நடுப்பற்கள் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் உறை செய்வதே இத்தொழிலின் கடுஞ்சோதனை. இணைப்பல் பக்கத்திலேயே நின்று காட்டிக்கொடுத்துவிடும்!

பல்லின் நிறம் அதன் மேற்பரப்பில் பூசப்பட்டதன்று. வெளியே இருக்கும் எனாமல், தேய்த்த கண்ணாடியைப் போல ஒளியை ஓரளவு உள்ளே விடுகிறது. அதனுள் இருக்கும் டென்டைன் மஞ்சள் நிறமானது. உள்ளே சென்ற ஒளி பலவாறு சிதறி, டென்டைனைத் தொட்டு, மஞ்சள் சாயலுடன் திரும்புகிறது. கடிக்கும் விளிம்பிலோ பின்னால் டென்டைன் இல்லை. எனாமலின் நுண்துகள்கள் குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளியையே மிகுதியாகச் சிதறவிடுகின்றன. வானம் நீலமாகத் தோன்றும் அதே காரணத்தால் பல்லின் விளிம்பும் நீலம் காட்டுகிறது. ஆகவேதான் தேர்ந்த தொழில்நுட்பர், உள்ளே ஒளிபுகாப் பீங்கானும் வெளியே ஒளிகசியும் பீங்கானுமாக அடுக்கடுக்காக வைத்துச் சுடுகிறார்.

நிறத்தைச் சொல்லால் கூறி அனுப்பினால் போதாது. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் நிறத்துக்கு மூன்று அளவைகள் வகுத்தார்: சாயல், பொலிவு, செறிவு. மஞ்சளா சிவப்பா என்பது சாயல். வெளிறியதா இருண்டதா என்பது பொலிவு. அழுத்தமா மங்கலா என்பது செறிவு. ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் 1956இல் வெளியிட்ட மாதிரிப் பற்கோவையில் ஏ, பி, சி, டி என்ற நான்கு குடும்பங்களில் 16 மாதிரிகள் உள்ளன. அது இன்றும் உலகெங்கும் பயனில் உள்ளது. மருத்துவர் இவற்றை ஒவ்வொன்றாகப் பல்லருகே வைத்துப் பார்க்கிறார். முதலில் பொலிவைப் பொருத்துவதே அறிவுடைமை. சாயலில் சிறு பிழை கண்ணுக்குத் தப்பலாம். பொலிவில் பிழை தப்பாது. ஒரே மாதிரியை நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் களைத்துவிடும். ஆகையால் சில நொடிகள் பார்த்து, இடையிடையே சாம்பல் நிற அட்டையில் கண்ணை ஆற்றிக்கொள்ளவேண்டும்.

இனி ஒளி. புடவைக்கேற்ற ரவிக்கைத்துணியைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து பார்க்கும் பெண்களுக்கு இப்பகுதியை விளக்கத் தேவையில்லை! இரண்டு பொருள்கள் வெவ்வேறு அலைநீளங்களை வெவ்வேறு அளவில் எதிரொளித்தாலும், ஒரு குறிப்பிட்ட விளக்கின்கீழ் ஒரே நிறமாகத் தோன்றக்கூடும். விளக்கை மாற்றினால் வேடம் கலைந்துவிடும். இழை பல்பின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 2,700 கெல்வின். நண்பகல் ஒளியினதோ 5,500 முதல் 6,500 வரை. பல்பின் மஞ்சள் ஒளியில் தேர்ந்தெடுத்த பீங்கான் கல்லூரி மைதானத்தில் வேறாகத் தெரிந்தால் வியப்பென்ன? நிறம் பார்க்கும் நாளில் உதட்டுச் சாயமும் வேண்டாம்; பக்கத்திலுள்ள சிவப்பு கண்ணை ஏமாற்றும்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. நீரில் குழைத்த திருநீற்றைப் பூசியவுடன் அது மங்கலாகத் தெரியும். உலர உலர வெண்மை பளிச்சிடும். மாக்கோலமும் அப்படியே. துகள்களுக்கிடையே நீர் இருக்கும்போது ஒளி குறைவாகவே சிதறுகிறது. நீர் போய்க் காற்று புகுந்தால் மிகுதியாகச் சிதறுகிறது. எனாமலின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.62, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. வேறுபாடு கூடக் கூடச் சிதறலும் கூடும். வாயைத் திறந்தபடி சில நிமிடங்கள் இருந்தாலே எனாமலின் நுண்துளைகள் உலர்ந்து பல் வெளுத்துவிடுகிறது. பழைய நிறம் திரும்ப அரைமணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும். ஆகவே, பல்லைத் தேய்த்து முடித்தபின் நிறம் பார்ப்பது தவறு. நாற்காலியில் அமர்ந்தவுடனேயே பார்த்துவிடவேண்டும். இதை மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

இயற்கைப் பல் புற ஊதாக் கதிரில் நீலவெண்மையாக ஒளிரும். நாடக மேடைகளில் அத்தகைய விளக்கெரியும்போது, ஒளிராத பீங்கான் பல் கறுத்து, அங்கே பல்லே இல்லாதது போலத் தோன்றும். இதைத் தவிர்க்க ஒரு காலத்தில் பீங்கானில் சிறிதளவு யுரேனியச் சேர்மத்தைக் கலந்தார்கள் என்றால் நம்பமுடிகிறதா? கதிரியக்கத்துக்கு அஞ்சிப் பின்னர் அதைக் கைவிட்டு, சீரியம், யூரோப்பியம் போன்ற அருமண் தனிமங்களுக்கு மாறினர்.

கண்ணை நம்பாமல் கருவியால் அளக்கலாமே என்பீர்கள். நிறமாலை ஒளிமானிகள் வந்துள்ளன. 1976இல் வகுத்த சர்வதேச நிற அளவுமுறையில் அவை வேறுபாட்டை எண்ணாகவே கூறுகின்றன. வேறுபாடு 1.2 அளவை எட்டும்போது பார்ப்போரில் பாதிப்பேர் அதைக் கண்டுகொள்கிறார்கள், 2.7 வரை பாதிப்பேர் பரவாயில்லை என்கிறார்கள். ஆயினும், பல்லுக்குள் சென்ற ஒளியில் ஒரு பகுதி பக்கவாட்டில் பரவி, கருவியின் சிறு துவாரத்துக்கு வெளியே போய்விடுகிறது. திரும்பாத அந்த ஒளியைக் கருவி கணக்கில் கொள்வதில்லை. உள்ளதைவிட இருண்ட பல்லாகவே பதிவு செய்துவிடும். அதனால், கருவி எண்ணைக் காட்டிய பிறகும் மருத்துவர் மாதிரிப் பல்லைக் கையிலெடுத்து, சன்னல் பக்கம் திரும்பச் சொல்கிறார்.